ரக்மானினோவின் முழு இரவுத் திருவிழிப்பு: ஒரு சங்கீத விசாரணை

வாத்தியம் ஒன்றுகூட இல்லாமல், மனிதக் குரலை மட்டுமே நம்பி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் கேட்போர் மனத்தைத் தன்வசத்தில் வைத்திருக்கக்கூடிய பெரிய சங்கீத சிருஷ்டிகள் ஐரோப்பாவின் பிற்கால இசையில் மிகச் சிலவே உண்டு. அச்சிலவற்றுள், 1915ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் ருஷ்ய இசைமேதை ஸெர்கே ரக்மானினோவ் இயற்றிய ‘முழு இரவுத் திருவிழிப்பு’ என்னும் ஆராதனை இசைக்கு முதன்மையான ஸ்தானம் உரியது என்பது என் துணிபு. பியானோ வாசிப்பில் தம் காலத்தின் தலைசிறந்தவர்களுள் ஒருவர் என்று உலகம் கொண்டாடிய ஒருவர், தம் கைவிரல்களுக்கு வேலையே வைக்காத ஒரு படைப்பில் தம் இருதயத்தை முழுவதும் திறந்து வைத்தார் என்பது ஆச்சரியமாகத் தோன்றலாம். ஆயினும் தம் படைப்புகள் அனைத்திலும் தமக்கு மிகவும் பிரியமானவை என்று அவர் எண்ணியவை இரண்டே: ஒன்று, 1913இல் எழுதிய ‘மணிகள்’ என்னும் பெரும் பாடலிசை. மற்றொன்று, இந்தத் திருவிழிப்பு.

இதனைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் முதலில் எடுத்துச் சொல்வது, ருஷ்ய தேசத்துப் பாடகர்களுக்கே உரிய அந்த அதிமந்திர நாதத்தை, பூமிக்கடியிலிருந்து எழுவது போல ஒலிக்கும் பாஸ் குரல்களின் கம்பீரத்தை. அந்தப் புகழ் பொய்யன்று. எனினும் அதுவே இதன் சாரம் என்று கொள்வது, கோயிலுக்கு வந்தவர் கோபுரத்தின் உயரத்தை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதை ஒக்கும். இவ்விசையின் உயிர்நிலை வேறோரிடத்தில் இருக்கிறது. அடுத்தடுத்த ஸ்வரங்களில் அடிவைத்து, நாலைந்து ஸ்வரங்களின் குறுகிய எல்லைக்குள்ளேயே உலவி, புறப்பட்ட இடத்துக்கே மீண்டும் வந்து அமரும் பழைய ஆராதனை மெட்டின் அடக்கத்தை ரக்மானினோவ் தமக்கு விதியாக ஏற்றுக்கொண்டார். தம்மிடமிருந்த வர்ணங்களையும் வேகங்களையும் உணர்ச்சிப் பெருக்கையும் அந்த விதிக்குப் பணிய வைத்தார். அந்தப் பணிவிலிருந்துதான் இதன் மகத்துவம் பிறக்கிறது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ருஷ்ய வைதிகத் திருச்சபையின் சம்பிரதாயத்தில், கோயிலுக்குள் வாத்தியம் ஒலிப்பதற்கு இடமில்லை. மேற்கத்தியத் தேவாலயங்களில் அரசுபோல வீற்றிருக்கும் ஆர்கன்கூட அங்கே கிடையாது. வழிபாடு என்பது வாக்கினால் ஆவது, வாக்கை உடைய கருவி மனிதக் குரல் ஒன்றே என்பது அவர்களுடைய சித்தாந்தம். கோயிலுக்கு உரிய ஒரே உலோக நாதம் கோபுரத்து மணிகளின் நாதம். அதுவும் வெளியே நின்று ஜனங்களை அழைப்பதே அன்றி, உள்ளே வந்து பாட்டோடு கலப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கும் பெருந்திருநாள்களுக்கும் முந்திய இரவில், மாலை ஆராதனையையும் வைகறை ஆராதனையையும் முதல் மணி ஜெபத்தையும் ஒன்றாக இணைத்து நடத்தும் நீண்ட வழிபாடே முழு இரவுத் திருவிழிப்பு. மடங்களில் அது உண்மையாகவே இரவின் பெரும்பகுதியைக் கொள்ளும். ஊர்க்கோயில்களில் சுருங்கிச் சில மணி நேரத்தில் முடியும். ரக்மானினோவ் இதிலிருந்து 15 பகுதிகளை எடுத்து இசையமைத்தார். முதல் ஆறும் மாலைக்கு உரியவை. ஏழு முதல் பதினான்கு வரை வைகறைக்கு உரியவை. கடைசி ஒன்று முதல் மணி ஜெபத்தின் முடிவில், தேவமாதாவை வெற்றித் தலைவியாகப் போற்றும் துதி. உலக சிருஷ்டியைப் புகழும் தாவீதின் திருப்பாடலில் தொடங்கி, விளக்கேற்றும் வேளையின் பழம்பாடல் வழியாகச் சென்று, இருளின் நடுவில் உயிர்த்தெழுதலின் செய்தியைக் கேட்டு, விடியலில் வந்து நிற்கும் இந்தப் போக்கை மனத்தில் இருத்திக்கொண்டு கேட்டால்தான், ஒவ்வொரு பகுதியின் நிறமும் ஏன் அப்படி அமைந்தது என்பது விளங்கும்.

988ஆம் ஆண்டில் கீவ் நகரத்து அரசர் விளாதிமிர் ஞானஸ்நானம் பெற்ற காலத்திலிருந்து, பைஸாந்தியத்தின் வழிபாட்டோடு அதன் இசையும் ருஷ்ய நாட்டுக்குள் வந்தது. அந்த விதையிலிருந்து அந்த மண்ணில் வளர்ந்த மெட்டு முறைக்கு ஸ்னாமென்னி என்று பெயர். அது ஒரே வரிசையில் எல்லோரும் சேர்ந்து பாடும் இசை. ஒத்திசைக்கும் துணைக் குரல்கள் அதற்கு ஆதியில் இல்லை. கொக்கிகளைப் போன்ற குறிகளால் எழுதப்பட்ட அந்த மெட்டுகள் எட்டு தொனிகளாக வகுக்கப்பட்டு, வாரத்துக்கு ஒன்றாக மாறி மாறி ஆராதனையை நடத்தின. ஒவ்வொரு தொனிக்கும் சொந்தமான சிறு சிறு ஸ்வரக் கோவைகள் உண்டு. பாடகர் அவற்றை இணைத்தும் நீட்டியும் வாசகத்துக்குப் பொருத்திப் பாடுவார். ஒரு ராகத்தை அதன் ஆரோகண அவரோகணத்தைக் காட்டிலும் அதற்கே உரிய பிடிகளால் நாம் அடையாளம் கண்டுகொள்வதைப் போன்ற அநுபவம் இது என்றால், தமிழ் ரஸிகருக்கு இதன் இயல்பு உடனே புலப்படும். இதற்குப் பின்னால் வந்த கிரேக்க மெட்டும் கீவ் மெட்டும் இன்னும் எளியவை, ஓதுவதற்கு அருகில் இருப்பவை.

பதினேழாம் நூற்றாண்டு முதல் இந்தப் பழஞ்செல்வத்தின் மேல் மேற்கத்திய இசை முறை படியத் தொடங்கிற்று. பீட்டர்ஸ்பர்க் அரசவைக்கு இத்தாலிய வித்வான்கள் வந்தார்கள். அவர்களுள் ஒருவரான கலுப்பியிடம் பயின்ற போர்த்னியான்ஸ்கி அரசவைப் பாடகர் குழுவின் தலைவரானார். பின்னர் அதே பதவிக்கு வந்த ல்வோவ் ஜெர்மானிய முறையில் பழைய மெட்டுகளுக்கு நான்கு குரல் ஒத்திசை எழுதினார். இனிமைக்கும் ஒழுங்குக்கும் அவற்றில் குறைவில்லை. ஆனால் அளவான சதுரங்களாக வெட்டப்பட்ட தாளத்துக்குள் புகுந்தபோது, வாசகத்தின் மூச்சோடு நீண்டும் குறுகியும் நடந்த பழைய மெட்டு தன் நடையை இழந்துபோயிற்று. கோயிலிசையை அச்சிடுவதற்கு அரசவைக் குழுவின் அநுமதி வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் நெடுங்காலம் இருந்தது; சைகாவ்ஸ்கி 1878இல் எழுதிய திருவழிபாட்டு இசையை அவருடைய பதிப்பாளர் துணிந்து வெளியிட்டு, வழக்காடி வென்ற பிறகுதான் அந்தக் கட்டு தளர்ந்தது.

கட்டு தளர்ந்த பிறகு வந்த மறுமலர்ச்சியின் நடுநாயகமாக நின்றவர் ஸ்தெபான் ஸ்மோலென்ஸ்கி என்னும் அறிஞர். 1889 முதல் 1901 வரை மாஸ்கோ ஸினாட் பள்ளியின் தலைவராக இருந்து, பழைய கொக்கிக் குறிச் சுவடிகளைத் தேடித் தொகுத்து, மறைந்துபோக இருந்த மெட்டுகளுக்கு மறுவாழ்வு தந்தார். மாஸ்கோ இசைக் கல்லூரியில் ருஷ்யக் கோயிலிசையின் சரித்திரத்தைப் பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்டவர்களுள் ரக்மானினோவும் ஒருவர். ஸ்மோலென்ஸ்கியின் வழியைப் பின்பற்றிய கஸ்தால்ஸ்கி, பழைய மெட்டை ஒரு குரலிலேயே சிறைவைக்காமல் குரலுக்குக் குரல் நடமாட விட்டு, நாட்டுப்பாடல் பாடும் கிராமத்தார் ஒரே மெட்டைத் தத்தம் போக்கில் சிறிது மாற்றிப் பாடுவதால் விளையும் செறிவைக் கோயிலிசைக்குள் கொண்டுவந்தார். திருவிழிப்பு 1909இல் காலமான ஸ்மோலென்ஸ்கியின் நினைவுக்கே சமர்ப்பணம் செய்யப்பட்டிருப்பதில் வியப்பில்லை.

ரக்மானினோவ் நாள்தோறும் கோயிலுக்குச் செல்லும் பக்தராக வாழ்ந்தவர் அல்லர். ஆனால் பிள்ளைப் பருவத்தில் நோவ்கொரோத் நகரத்தில் பாட்டியாரோடு கோயில் கோயிலாகச் சென்று கேட்ட பாட்டும், அந்நகரத்துப் புனித ஸோபியா தேவாலயத்தின் மணியோசையும் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்துவிட்டன. 1910இல் அவர் புனித கிறிஸோஸ்தம் பெயரால் வழங்கும் திருவழிபாட்டுக்கு இசையமைத்தார். அதிலே அழகான இடங்கள் பல உண்டு. எனினும் பழைய மெட்டுகளின் துணையைப் பெரும்பாலும் நாடாமல் சொந்தக் கற்பனையையே முதலாகக் கொண்டு எழுதிய அந்நூலில், கச்சேரி மேடைக்கும் கோயிலுக்கும் நடுவே மனம் ஊசலாடுவதை நாம் உணராமல் இருக்க முடியாது. ஐந்தாண்டுகளுக்குப் பின் அவர் எடுத்துக்கொண்ட வழி முற்றிலும் வேறு. 15 பகுதிகளில் பத்துக்குப் பழைய மெட்டுகளையே அடித்தளமாகக் கொண்டார்: இரண்டு கிரேக்க மெட்டுகள், இரண்டு கீவ் மெட்டுகள், மற்ற ஆறும் ஸ்னாமென்னி. எஞ்சிய ஐந்தில் மெட்டும் அவருடையதே. ஆனால் அவற்றைத் தெரிந்தே செய்த போலிகள் என்று பொருள்படப் பின்னாளில் அவரே சொல்லும் அளவுக்கு, பழைய மெட்டுகளிலிருந்து அவற்றைப் பிரித்தறிவது அரிது.

உலக யுத்தம் தொடங்கி அரையாண்டு ஆகியிருந்த அந்தக் குளிர்காலத்தில், சுமார் இரண்டு வார காலத்திற்குள் முழுவதையும் எழுதி முடித்தார். எழுதியதை மாஸ்கோ ஸினாட் பாடகர் குழுவின் நடத்துநர் நிகொலாய் தானிலினுக்குப் பியானோவில் வாசித்துக் காட்டியபோது, ஐந்தாம் பகுதியின் முடிவில் பாஸ் குரல்கள் படிப்படியாக இறங்கிச் செல்லும் இடத்தைக் கேட்ட தானிலின், இத்தகைய குரல்களுக்கு எங்கே போவது என்று தலையசைத்தாராம். தம் நாட்டாரின் தொண்டை வளத்தை ரக்மானினோவ் நன்கு அறிந்தவர். தானிலினும் அக்குரல்களைத் தேடிப் பிடித்துவிட்டார். சிறுவர்களும் ஆண்களும் மட்டுமே அடங்கிய அந்தக் குழு, அக்காலத்து ருஷ்யப் பஞ்சாங்கப்படி மார்ச் 10ஆம் தேதி, இன்றைய கணக்கில் மார்ச் 23, யுத்த நிவாரண நிதிக்காக நடந்த கச்சேரியில் இதனை முதன்முதலாகப் பாடிற்று. அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே இன்னும் ஐந்து முறை பாட வேண்டியிருந்தது என்றால், மாஸ்கோ நகரம் அதனை எவ்வாறு வரவேற்றது என்று விவரிக்க வேண்டுவதில்லை.

இனி இசைக்குள் நுழைவோம். முதலில் கவனிக்க வேண்டியது நடை. சமமான அளவுள்ள தாளச் சுழற்சி இதில் பெரும்பாலும் இல்லை. ஸ்லாவிய தேவபாஷையின் சொற்கள் எங்கே அழுத்தம் கொள்கின்றனவோ அங்கே ஸ்வரமும் நின்று, எங்கே விரைகின்றனவோ அங்கே விரைந்து செல்கிறது. ஓர் அடி நான்கு எண்ணிக்கையில் முடிந்தால் அடுத்தது ஆறிலோ ஐந்திலோ முடிகிறது. முதற்பகுதி வழிபட வருமாறு நான்கு முறை விடுக்கும் அழைப்பு. ரக்மானினோவின் சொந்த மெட்டான அது ஒவ்வோர் அழைப்பிலும் சிறிது விரிந்து, கடைசியில் ஒலி தணிந்து அடங்குகிறது. கேட்பவருக்குத் தாளம் இல்லை என்ற எண்ணமே எழுவதில்லை. பெருங்கூட்டம் ஒன்று ஒரே மூச்சில் நிமிர்ந்து தலைவணங்குவதைக் காண்பது போன்ற உணர்ச்சியே உண்டாகிறது. இரண்டாம் பகுதியில் ஆல்டோ தனிக்குரல் ஒன்று, கிரேக்க மெட்டில், சிருஷ்டியின் அதிசயங்களைச் சொல்கிறது. அதன் கீழே ஆண் குரல்கள் மென்மையாகத் தாங்கி நிற்க, மேற்குரல்கள் எங்கோ உயரத்திலிருந்து விடை தருகின்றன. தனிக்குரலுக்குத் தரப்பட்டது மூன்று நான்கு ஸ்வரங்களுக்குள் அடங்கும் எளிய கோவை. ஒவ்வொரு முறை அது திரும்பும்போதும் சுற்றியுள்ள ஒத்திசை மாறுகிறதே ஒழிய மெட்டு மாறுவதில்லை.

ஐந்தாம் பகுதியைச் சற்று நின்று பார்ப்பது அவசியம். ஜெருசலேம் தேவாலயத்தில் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய முதியவர் சிமியோன், காண வேண்டியதைக் கண்டுவிட்டேன், இனி விடை கொடுப்பாய் என்று வேண்டுவது இதன் வாசகம். குழந்தையும் கிழவரும், பிறப்பும் மரணமும் ஒரே காட்சியில் இருக்கின்றன. ரக்மானினோவ் இதற்குக் கொடுத்த உருவத்தில், பாடகர் குழு தொட்டிலை ஆட்டுவது போல இரண்டு ஸ்வரக்கூட்டுகளுக்கிடையே மெல்ல அசைந்துகொண்டே இருக்கிறது; அதன்மேல் டெனர் தனிக்குரல் கீவ் மெட்டைப் பாடுகிறது. அந்தத் தனிக்குரலில் முதுமையின் தளர்ச்சி உண்டு, துயரம் இல்லை. நடுவில், ஜனங்கள் அனைவருக்கும் வெளிச்சமானதைச் சொல்லும் இடத்தில், குழுவின் ஒலி விரிந்து பெருகி, உடனே மீண்டும் தாழ்கிறது. எல்லாம் அடங்கிய பின்னர்தான் தானிலினைத் திடுக்கிடச் செய்த அந்த அவரோகணம் வருகிறது: பாஸ் குரல்கள் ஸ்வரம் ஸ்வரமாக, ஒன்றையும் தாண்டாமல், பியானோவின் நடு ஸி-யிலிருந்து இரண்டு ஸ்தாயிகள் இறங்கி அதற்கும் ஒரு முழு ஸ்வரம் கீழே, விநாடிக்கு ஏறக்குறைய 58 அதிர்வுகள் கொண்ட பி-ஃப்ளாட்டில் போய் நிற்கின்றன. அது மிக மெல்லிய ஒலியில் பாடப்பட வேண்டும் என்பது ஆசிரியரின் கட்டளை. வலிமையைக் காட்டுவதற்காக எழுதப்பட்டதாயின் அங்கே உரத்த ஒலியைக் கேட்டிருப்பார். மெட்டு எந்த அடக்கத்தோடு நடந்ததோ அதே அடக்கத்தோடு, அடுத்தடுத்த படிகளில் கால் வைத்தே, உயிர் விடைபெற்றுச் செல்கிறது. இந்தப் பகுதியைத் தம் ஈமச் சடங்கில் பாட வேண்டும் என்று ரக்மானினோவ் விரும்பினார்.

ஆறாம் பகுதியாகிய தேவமாதா துதி மிகச் சிறியது. தனியாகவும் பல நாடுகளில் பாடப்படுவது. அதன் இனிமையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. தாழ்ந்த குரலில் பிறந்து, ஒரே ஒரு முறை முழு வீச்சில் எழுந்து, மறுபடி ஜெபத்துக்குத் திரும்பும் அந்த அமைப்புக்குள் மாலை ஆராதனை நிறைவு பெறுகிறது.

வைகறைக்குள் நுழையும் ஏழாம் பகுதியில்தான் நோவ்கொரோத் மணிகள் பேசுகின்றன. பெத்லகேமில் தேவதூதர் பாடிய துதியின் வாசகம் மும்முறை வருகிறது. அமைதியாகத் தொடங்கிய ஸ்னாமென்னி மெட்டைச் சுற்றி, குரல்கள் பிரிந்து பிரிந்து பெருகுகின்றன. மேற்குரல்கள் சிறு மணிகளாகவும் கீழ்க்குரல்கள் பெருமணியாகவும், வெவ்வேறு கால அளவுகளில் ஒரே நேரத்தில் ஒலித்து, கோபுரம் முழுவதும் அதிர்வது போன்ற பிரமையை எழுப்புகின்றன. கோயிலுக்குள் புகுவதற்கு உரிமை இல்லாத அந்த உலோக நாதத்தை, உரிமை உள்ள ஒரே கருவியாகிய குரலின் வழியாக உள்ளே அழைத்துவந்த சாதுர்யம் இது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஆரவாரம் நீடிக்காமல் சீக்கிரமே அடங்கி, என் உதடுகளைத் திறந்தருள்வாய் என்ற பொருளுள்ள எளிய வேண்டுதலில் முடிவதுதான். எட்டாம் பகுதி இதற்கு மாறாகத் தொடக்கத்திலிருந்தே வீரம் நிறைந்தது: ஆல்டோவும் பாஸும் ஒன்றுசேர்ந்து ஸ்னாமென்னி மெட்டை உரத்துப் பாட, ஸோப்ரானோவும் டெனரும் அதன்மேல் துள்ளும் சிறு ஸ்வரங்களால் பதில் சொல்கின்றன. பழைய மெட்டு இங்கே அடித்தளத்தில் நிற்கிறது. அலங்காரம் மேலே நிற்கிறது. இரண்டும் ஒன்றையொன்று மறைப்பதில்லை.

நீளத்தாலும் நாடகப் பண்பாலும் ஒன்பதாம் பகுதி இந்நூலின் சிகரம். வாசனைத் தைலங்களோடு கல்லறைக்கு வந்த பெண்கள், அங்கே அவர்களைக் கண்டு பேசும் தேவதூதர், உயிர்த்தெழுந்த செய்தி என்று கதை விரிகிறது. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் ஆண்டவரைத் துதிக்கும் பல்லவி ஒன்று அதே மெட்டில் மீண்டும் மீண்டும் வருகிறது. பல்லவிக்கும் காட்சிக்கும் இடையே ரக்மானினோவ் வைக்கும் வேறுபாடு நுட்பமானது. பல்லவி திடமாக, ஒரே நிறத்தில் ஒலிக்கிறது. காட்சிகளில் குரல்கள் தணிந்து, சில இடங்களில் சொல் மெல்லிய முணுமுணுப்பாகவே குறைந்து, டெனர் தனிக்குரல் தூதரின் வார்த்தையைச் சொல்லும்போது சுற்றிலும் ஒரு நிசப்தம் சூழ்ந்துகொள்கிறது. மேற்கத்திய ஓபராவில் பழகியவர் ஒருவர் இந்தக் கதையை எடுத்துக்கொண்டிருந்தால் பாத்திரங்களைத் தனித்தனியே நிறுத்தி உணர்ச்சியைப் பெருக்கியிருப்பார். ஓபராக்கள் எழுதிப் பழகியவரேயான ரக்மானினோவ் அவ்வாறு செய்யவில்லை. அழும் பெண்களுக்கும் பழைய மெட்டின் அதே ஸ்வரக் கோவைகள்தாம். நிறம் ஒன்றே மாறுகிறது. கடைசியில் அல்லேலூயா என்று எழும் ஆனந்தத்திலும் அதே கோவைகள் வேகம் மட்டும் பெற்று வருகின்றன. துக்கமும் களிப்பும் ஒரே மெட்டிலிருந்து பிறப்பதைக் காதால் உணரும்போது, வாசகம் சொல்ல வந்த உண்மையையே இசையும் தன் வழியில் சொல்வது தெரியவரும்.

பதினோராம் பகுதியில் மரியாளின் துதிப்பாட்டைக் கீழ்க்குரல்கள் கனமாக எடுத்துச் சொல்ல, ஒவ்வொரு செய்யுளுக்கும் பின்னால் மேற்குரல்கள் இலகுவாக அசைந்தாடும் பல்லவியால் அதைப் போற்றுகின்றன. பன்னிரண்டாவதாகிய பெருந்துதி, மெட்டைக் குரலுக்குக் குரல் கைமாற்றி நெடுந்தூரம் நடத்திச் செல்லும் ஆற்றலுக்குச் சான்று. பதின்மூன்றும் பதினான்கும் அடக்கமானவை; அவை ஓய்வுக்காக வைக்கப்பட்டவை என்றே எனக்குத் தோன்றுகிறது. பதினைந்தாவது, யுத்தகாலத்து மாஸ்கோவின் காதில் தனிப்பொருள் தந்திருக்கும் வெற்றித் துதி. சம்பிரதாயம் அந்த வாசகத்தை, 626இல் கான்ஸ்டாண்டிநோபிள் முற்றுகையிலிருந்து தப்பிய நிகழ்ச்சியோடு சேர்த்துச் சொல்கிறது. அது மிகவும் விரைவாக முடிந்துவிடுகிறது. ஒரு மணி நேரம் கேட்டு வந்த நமக்கு இன்னும் சிறிது நீண்டிருக்கலாகாதா என்ற ஏக்கம் உண்டாவது இயல்பே. ஆயினும் ஆராதனையில் அது ஒரு முடிவுரை அன்று, விடிந்ததும் தொடரும் வழிபாட்டுக்கு வாசல் என்பதை நினைத்தால் அந்தச் சுருக்கம் பொருந்தும்.

விமரிசகர் பலர் இந்நூலில் ரக்மானினோவ் பாடகர் குழுவை ஓர் ஆர்கெஸ்டிராவைப் போல் கையாண்டார் என்று பாராட்டுவர். நான்கு குரல்களை எட்டாகவும் அதற்கு மேலும் பிரிப்பதும், ஒரே மெட்டை ஆல்டோவுக்கும் டெனருக்கும் சேர்த்துத் தந்து புதிய நிறம் ஒன்றைப் பெறுவதும், வாயை மூடி ஹும் என்ற நாதத்தால் பின்னணி அமைப்பதும், ஒரு ஸ்வரத்தை நெடுநேரம் சுருதிபோல் நிறுத்தி அதன்மேல் மெட்டை உலவ விடுவதும் உண்மையில் வாத்தியக் குழுவைப் பழகியவரின் கைத்திறமே. ஆனால் அந்தத் திறத்தை அவர் எங்கே நிறுத்திக்கொண்டார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் பாராட்டு முழுமை பெறும். அவருடைய பியானோ நூல்களில் நெஞ்சை உருக்கும் அந்த நீண்ட பெருமூச்சுகளும், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் உணர்ச்சி அலைகளும் இங்கே இல்லை. மேற்கத்திய ஒத்திசையில் முடிவை முன்கூட்டியே அறிவித்து இழுத்துச் செல்லும் ஸ்வரக்கூட்டுகளைப் பல இடங்களில் அவர் தவிர்த்து, பழைய தொனிகளின் போக்குக்கே இடம் கொடுக்கிறார். அதனால் வாக்கியங்கள் ஆணையாக முடியாமல், மூச்சு முடிவதுபோல் முடிகின்றன.

இந்தக் கட்டுப்பாடு அவருடைய சுபாவத்துக்கு முரணானது என்று எண்ணுவது தவறு. 1909இல் எழுதிய மூன்றாம் பியானோ கான்செர்டோவின் முதல் மெட்டை நினைவுக்குக் கொண்டுவாருங்கள்: அடுத்தடுத்த ஸ்வரங்களில் நடந்து, குறுகிய எல்லைக்குள் சுற்றி, தொடங்கிய ஸ்வரத்துக்கே மீளும் அந்த மெட்டு, கோயில் மெட்டிலிருந்து எடுக்கப்பட்டதா என்று பின்னாளில் ஆய்வாளர் ஒருவர் அவரையே கேட்டார். எங்கிருந்தும் எடுக்கவில்லை, அது தானாகவே வந்தது என்பது அவருடைய மறுமொழியின் கருத்து. அந்த மறுமொழியை நான் முழுமனத்தோடு நம்புகிறேன். பிள்ளைப் பருவத்தில் காதில் விழுந்த நடை அவருக்குச் சொந்த நடையாகவே ஆகிவிட்டிருந்தது. ஆகவே திருவிழிப்பில் அவர் பழைய மெட்டுக்குப் பணிந்தபோது அந்நியமான ஒன்றுக்குப் பணியவில்லை; கச்சேரி மேடையின் வாதப்பிரதிவாதங்களுக்கு நடுவில் அலங்காரங்களின் அடியில் மறைந்திருந்த தம் சொந்தக் குரலையே கண்டெடுத்தார்.

ஓர் ஆட்சேபம் உண்டு. இவ்வளவு பெரிய குழுவும் இவ்வளவு அபூர்வமான குரல்களும் வேண்டிய இசை, ஆராதனைக்கு உரியதா, கச்சேரிக்கு உரியதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சாதாரண ஊர்க்கோயிலின் பத்துப் பன்னிரண்டு பாடகர்களால் இதனை முழுவதும் பாட முடியாது என்பது மெய். ஆனால் ஆராதனைக்கு உகந்ததா என்பதைக் குழுவின் அளவைக் கொண்டு தீர்ப்பது முறையாகாது; வாசகத்துக்கு இசை பணிகிறதா, வாசகம் இசைக்குச் சாக்காகிறதா என்பதுதான் உரைகல். அந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தால், 15 பகுதிகளிலும் ஒரு சொல்லேனும் இசையின் ஆடம்பரத்துக்காக வலிந்து நீட்டப்பட்டதாகச் சொல்ல முடியாது.

இதன் பிற்கால வரலாறு துயரமானது. 1917இன் புரட்சிக்குப் பின் அவ்வாண்டின் இறுதியில் ரக்மானினோவ் நாட்டைவிட்டு வெளியேறினார், மறுபடி திரும்பவேயில்லை. 1918இல் ஸினாட் பள்ளி தன் பழைய உருவத்தை இழந்தது; அதன் பாடகர் குழு கலைந்தது; கோயிலிசை மேடைகளிலிருந்து மறைந்தது. ஸோவியத் நாட்டில் இதன் முழு இசைத்தட்டு ஒன்று வெளிவர 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அலெக்ஸாண்டர் ஸ்வேஷ்னிகோவ் நடத்திப் பதிவு செய்த அந்தத் தட்டுகள்கூட வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டனவே ஒழிய, உள்நாட்டுக் கடைகளில் விற்கப்படவில்லை. இதற்கிடையில், 1940இல், தம் கடைசிப் படைப்பாகிய ‘சிம்பொனி நடனங்க’ளின் இறுதியில் ரக்மானினோவ் ஒரு காரியம் செய்தார். வாழ்நாள் முழுவதும் அவரைத் துரத்திவந்த ‘தீஸ் ஈரே’ என்னும் லத்தீன் மரண மெட்டை அங்கே கொண்டுவந்து, அதற்கு எதிரே திருவிழிப்பின் ஒன்பதாம் பகுதியிலுள்ள உயிர்த்தெழுதல் துதியை நிறுத்தி, அந்த இடத்தில் அல்லேலூயா என்று தம் கையாலேயே எழுதிவைத்தார். வெற்றி அந்த மெட்டுக்கே.

இவ்விசையைக் கேட்க விழைவோருக்கு ஒரு வேண்டுகோள். ஐந்தாம் பகுதியையும் ஆறாம் பகுதியையும் மட்டும் தனியே எடுத்துக் கேட்டு நின்றுவிடாதீர்கள். ஸ்வேஷ்னிகோவின் பழைய பதிவு இப்போதும் கிடைக்கிறது. ஒலிப்பதிவின் தரத்தில் அதற்குப் பின்வந்தவை பல அதனை விஞ்சியிருந்தாலும், அந்தக் குழுவின் மூச்சும் நடையும் இன்னும் மிஞ்சப்படவில்லை. வாசகத்தின் பொருளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதற்பகுதி தொடங்கிப் பதினைந்தாவது வரை, வரிசை மாறாமல் ஒரே அமர்வில் கேளுங்கள்.